ஏ.வி. மேம்பாலத்தை நடப்பவர்களுக்குக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோரிப்பாளையம் மேம்பாலப் பணி தொடங்கியதிலிருந்து, சிக்னலில் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்பதே மதுரையில் பேச்சு. அதை ஒட்டி 1889-லிருந்து வைகையின் குறுக்கே நிற்கும் ஏ.வி. மேம்பாலம் இனி என்ன ஆகும் என்று கேட்பாரில்லை. அந்தக் கேள்வியை உங்கள் பத்திரிகை வழியாக எழுப்ப விரும்புகிறேன். ஊரில் கல்பாலம் என்று நாம் சொல்வது யானைக்கல் தரைப்பாலத்தை. நான் எழுதுவது, வெள்ளத்தில் அது மூழ்கும் நாளிலும் தலைநிமிர்ந்து நிற்கும் பெரிய பாலத்தைப் பற்றி.

1886-ல் தொடங்கி மூன்றாண்டுகளில் கட்டி முடித்த பாலம் இது. விக்டோரியா மகாராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டரின் பெயரை வைத்தார்கள். அந்த இளவரசர் 1892-ல், 28 வயதிலேயே இறந்துவிட்டார். வைகை அணை திறந்தது 1959-ல். அதாவது, மேலே வெள்ளத்தைத் தேக்கி நிறுத்தப் பெரிய அணை இல்லாமல் வைகை பெருகி வந்த காலத்தில், எழுபது ஆண்டுகள் அத்தனை வெள்ளத்தையும் இந்தத் தூண்கள்தான் வாங்கின. 1993 பெருவெள்ளத்தையும் தாங்கின. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது இந்தப் பாலத்தின் மேலும் கீழும் நின்று பார்க்காத மதுரைக்காரர் எத்தனை பேர் இருப்பார்கள்?

கல் வளைவு என்பது இரும்பை நம்பாத கட்டுமானம். மேலிருந்து வரும் எடை கல்லுக்குக் கல் கைமாறி, வளைவு வழியாகத் தூணுக்கு இறங்கி, தூணிலிருந்து தரைக்குப் போகிறது. ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும் வரை கற்கள் அசையாது. கால் நகர்ந்தால்தான் ஆபத்து. ஆற்றில் மணல் குறையக் குறைய அடித்தளம் வெளியே தெரியத் தொடங்கும். ஆகாயத்தாமரை பாலத்தின் சில கண்களை அடைத்துக்கொண்டால், தண்ணீர் முழுவதும் மற்றக் கண்கள் வழியே வேகமெடுத்துப் பாய்ந்து தூணின் காலையே அரிக்கும். மேலே சாலையில் போகிறவர் கண்ணுக்கு இது எதுவும் படாது.

ஆற்றுக்குள் இறங்கிப் பாருங்கள். கல் இணைப்புகளில் அரசங்கன்று முளைத்து நிற்கிறது. நான் பார்த்த ஒன்றின் வேர் என் மணிக்கட்டு அளவு தடித்து, இணைப்பைப் பிளந்துகொண்டு உள்ளே போயிருந்தது. மேலே இருந்த கிளையை யாரோ முன்பு வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய இடத்தைச் சுற்றி நான்கு புதுத் தளிர்கள். அரச மரத்தையும் ஆலமரத்தையும் இப்படி வெட்டுவது, இன்னும் கிளைக்கட்டும் என்று கவாத்து செய்வதற்குச் சமம். வேரை மருந்து வைத்துப் பட்டுப்போகச் செய்த பிறகே எடுக்க வேண்டும். எடுத்த குழியைச் சுண்ணாம்புக் காரையால் நிரப்ப வேண்டும்.

சுண்ணாம்பு என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பழைய கல்கட்டில் ஈரம் இணைப்பு வழியாக உள்ளே போகும், வெளியேயும் வரும். சிமென்ட் பூசினால் உள்ளே போன ஈரம் திரும்பி வர வழியில்லை. கல்லோடு சேர்ந்து விரியவும் சுருங்கவும் அந்தப் பூச்சுக்குத் தெரியாது. சில ஆண்டுகளில் பூச்சு பெயர்ந்து விழும். விழும்போது பழைய காரையையும் கல்லின் விளிம்பையும் கொண்டு போகும். டெண்டரில் 'சிமென்ட் கலவை' என்று எழுதாமல் 'சுண்ணாம்புக் காரை' என்று எழுதினாலே பாதிச் சேதம் தவிரும்.

கோரிப்பாளையம் புதிய பாலம் வந்த பிறகு பஸ், லாரி, கார் எதுவும் ஏ.வி. மேம்பாலத்தில் போகத் தேவையிருக்கக் கூடாது. அதை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டுவிடலாம். பெரியாஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்குத் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு தென்கரையிலிருந்து நடந்தே வருகிற பெண்கள், ஹாரன் சத்தத்துக்கு ஒதுங்கி ஒதுங்கிச் சுவரோரமாகப் போவதை இன்றும் பார்க்கலாம். நெரிசல் கூடும் என்பார்கள். நகரின் நடுவே ஆற்றைக் கடக்கப் பாதுகாப்பான ஒரு நடைவழி இருந்தால் டூவீலர்களே குறையும் என்பது என் எண்ணம்.

போக்குவரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது. திருச்சியில் 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 2016-ல் புதுப் பாலம் வந்ததும் அதில் வாகனங்களை நிறுத்தினார்கள். மக்கள் காலை நடைக்குப் பயன்படுத்தினார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் அரிக்கப்பட்டு இடிந்தன. பின்னர் பாலத்தையே அகற்ற வேண்டியதாயிற்று. இங்கேயும் வண்டி ஓடாத பாலத்துக்கு எதற்குச் செலவு என்று கோப்பை மூடிவிட்டால், அதே கதி வர வெகுகாலம் ஆகாது.

மத்தியத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கலாம் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அந்தத் துறைக்கான சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. யானைக்கல்லும் கோரிப்பாளையமும் இருக்கும் நெருக்கத்தில் அது தீராத வழக்குகளில்தான் முடியும். தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே இயற்றப்பட்டிருக்கிறது. அதன் கீழ் இந்தப் பாலத்தைப் பாரம்பரியக் கட்டுமானமாக அறிவிப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி. அறிவித்தால் கண்ட இடத்தில் துளைபோட்டுக் கேபிள் மாட்டுவதையும், சுவரில் போஸ்டர் ஒட்டுவதையும், கேட்காமல் சிமென்ட் பூசுவதையும் தடுக்கலாம்.

இதற்கெல்லாம் அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழைக்கு முன்பே மரக்கன்றுகளை வேரோடு எடுக்கலாம்; அடைபட்ட கண்களைத் திறக்கலாம்; நீர் வற்றிய நேரத்தில் தூண்களின் அடித்தளத்தைப் பொறியாளர்கள் ஆய்வு செய்யலாம். அந்த ஆய்வறிக்கையை மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செல்லூர் வாசகர்,
மதுரை.