12 இஞ்ச் வேண்டாம், கேள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததுமே போன் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை, திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். என் இடது காதில் மாதக்கணக்காக இருந்த அடைப்பு வெறும் அழுக்கு என்று டாக்டர் எடுத்துவிட்டார். 58 வயதில் புதுக் காது முளைத்த மாதிரி இருக்கிறது.

அந்தக் காதை நம்பித்தான் உன் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். பேஸ், அதாவது அடி ஒலி, பாடுவதற்கென்றே இருக்கும் உன் 10 இஞ்ச் சப்வூஃபர் ஸ்பீக்கரைக் கொடுத்துவிட்டு 12 இஞ்ச் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே. நான் வாங்கிப் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்.

போன வருஷம் நானும் அதைத்தான் செய்தேன். பெரிய பெட்டி, முன்பக்கம் கை நுழைகிற அளவுக்கு ஒரு போர்ட், அதாவது காற்று போய்வரும் குழாய். கொண்டுவந்து மூலையில் வைத்தேன். படத்தில் குண்டு வெடித்தால் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பாட்டு போட்டதும் குட்டு வெளிப்பட்டது. பேஸ் கிட்டார் மேலும் கீழும் நடக்கும்போது ஒரே ஒரு நோட், ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் 'பூம்' என்று ஊதிக்கொண்டு வருகிறது. தடித்த அடித் தந்தியைத் தொட்டாலோ ஆளையே காணோம். நான் ஸ்பீக்கரைத் திட்டினேன். அதன் மேல் தப்பு கொஞ்சம்தான் என்று தெரிய ஆறு மாதம் ஆயிற்று.

ஹாஸ்டலில் பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கிய ஸ்பீக்கரை வெறுமனே மேசையில் வைத்துப் பாடவிட்டோமே, நினைவிருக்கிறதா? கொசு மாதிரி கத்தியது. பானை வாயில் கவிழ்த்ததும் குரலுக்கு உடம்பு வந்தது. ஸ்பீக்கரில் அதிர்கிற கூம்பு, அதாவது கோன், முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். அடி ஒலியில் அது முழுச் சாப்பாடு. பின்பக்கத்தை அடைத்துவைக்கத்தான் பெட்டி. அடைபட்ட காற்றே கோனுக்கு ஸ்பிரிங்காகவும் வேலை செய்யும். இதைப் பிடித்துக்கொண்டுதான் 1954இல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் ஏஆர்-1 ஸ்பீக்கரைச் செய்தார். ஆளுயரப் பெட்டியில் கிடைத்த பேஸ் அலமாரித் தட்டில் வந்து உட்கார்ந்தது அதற்கப்புறம்தான்.

போர்ட் வைத்த பெட்டி வேறு ஜாதி. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு சத்தம் வருமே, அதேதான். பெட்டிக்குள் இருக்கும் காற்றும் குழாய்க்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கில், பாடும். அந்த இடத்தில் கோன் அசைவதே தெரியாது, காற்றே வேலையைச் செய்துவிடும். அதே வாட்ஸில் கூடுதல் சத்தம். ஆனால் அந்தப் புள்ளிக்குக் கீழே போனால் கோனுக்குப் பிடிமானம் போய்விடுகிறது. மூடிய பெட்டியில் ஒரு ஆக்டேவுக்கு, அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபல் (சத்தத்தின் அளவு) வீதம் இறங்குகிற ஒலி, போர்ட் பெட்டியில் 24 வீதம் செங்குத்தாக விழும். நோட் நின்ற பிறகும் வால் கொஞ்ச நேரம் இழுபடும்.

ஒரு நாள் எரிச்சலில் துண்டைச் சுருட்டி அந்தப் போர்ட்டில் திணித்துவிட்டேன். சத்தம் குறைந்தது. ஆனால் 'டொம்' என்று இருந்தது 'டம்' ஆகிவிட்டது. இப்போதெல்லாம் சில சப்வூஃபர்களோடு இதற்கென்றே ஒரு ஸ்பாஞ்ச் அடைப்பான் வருகிறது. என் துண்டு ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை.

சரி, உன் கணக்குக்கு வருகிறேன். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்ஸில் நிறைய சத்தம் - மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். எந்த விளம்பரமும் இதை மீறியதில்லை. கனசதுரமாகக் கைக்கு அடக்கமாக வரும் சப்வூஃபர்கள் முதல் இரண்டை எடுத்துக்கொண்டு வாட்ஸைக் கொட்டுகின்றன. கோனும் பாவம். ஒரு ஆக்டேவ் கீழே போனால், அதே சத்தத்துக்கு நாலு மடங்கு தூரம் ஓட வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் என்றால் 40இல் 4, 20இல் 16.

10 இஞ்சிலிருந்து 12க்குப் போனால் கோனின் பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதே தூரம் அசைந்தால் கிடைப்பது 3 டெசிபல் சொச்சம். அறையோ, நீ உட்காரும் இடத்தைப் பொறுத்து ஒரு நோட்டை 10 டெசிபலுக்கு மேல் தூக்கவும் செய்யும், புதைக்கவும் செய்யும். எதைச் சரிசெய்ய வேண்டும் என்று நீயே சொல்.

என் அறை 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 34 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 43. சுவருக்குச் சுவர் மோதி அந்த ஒலிகள் நிலைகொண்டுவிடுகின்றன: சுவர் ஓரம் பலம், நட்டநடுவில் பூஜ்யம். நான் சோபாவை எங்கே போட்டிருந்தேன் தெரியுமா? நட்டநடுவில்! அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். அது போன இடம் தெரிந்துவிட்டதா? 34இன் இரட்டிப்பான 68க்கோ நடுவிலும் உச்சம். அந்த ஊதின நோட், சி ஷார்ப், 69 ஹெர்ட்ஸ்.

போன ஞாயிற்றுக்கிழமை சோபாவை ஒரு மீட்டர் பின்னால் தள்ளினேன். அப்புறம் சப்வூஃபரைத் தூக்கிச் சோபாவில், என் இடத்தில் உட்காரவைத்து, ஒரு பேஸ் பாட்டை ஓடவிட்டு, சுவர் ஓரமாக முட்டி போட்டுத் தவழ்ந்தேன். எந்த இடத்தில் எல்லா நோட்டும் ஒரே சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்க வேண்டும், அவ்வளவுதான். உன் தங்கச்சி வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள். இடம் கிடைத்தது: முன்சுவரில், மூலையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி. எத்தனை ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர் பாட வேண்டும் என்று பிரிக்கும் கிராஸ்ஓவரை 80இல் வைத்து, கோன் தள்ளுவதையும் இழுப்பதையும் மாற்றிப்போடும் ஃபேஸ் ஸ்விட்சைப் பெட்டியின் பின்னால் இப்படியும் அப்படியும் போட்டு, பேஸ் நிறைவாகக் கேட்ட பக்கம் விட்டுவிட்டேன். அடித் தந்தி வந்துவிட்டது, சேகர். இத்தனை நாள் கேட்ட பாட்டில் அது இருப்பதே எனக்குத் தெரியாது.

ராத்திரியில் மெதுவாக வைத்தால் பேஸ் காணாமல் போகிறது என்றும் எழுதியிருந்தாய். அது ஸ்பீக்கரின் குறை இல்லை. சத்தம் குறையக் குறையக் காதுக்கு அடி ஒலிதான் முதலில் மறையும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். ஆம்ப்ளிஃபயரில் அடி ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் லவுட்னஸ் பட்டன் இருந்தால் ராத்திரிக்கு மட்டும் போட்டுக்கொள், பகலில் மறக்காமல் அணைத்துவிடு.

ஜன்னல் கண்ணாடி இன்னும் ஒரு நோட்டுக்கு மட்டும் கிடுகிடுக்கிறது. காகிதத்தை மடித்துச் செருகியிருக்கிறேன். உன் அறையின் நீள அகலத்தையும், சோபா எந்தச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் டேப் வைத்து அளந்து எழுது. அதுவரை அந்த 10 இஞ்சை யாருக்கும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
ராஜு