மூடியின் அகலத்தை அளந்து எழுது

சோனாங்குப்பம், கடலூர்.

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலத்தை அறிய ஆவலாக இருக்கிறோம்.

நீ அனுப்பிய புகைப்படங்களை அம்மாவும் நானும் பலமுறை பார்த்தோம். சொந்தச் சம்பாத்தியத்தில் 27 அடிப் பாய்மரப் படகு வாங்கி, பிரான்ஸில் மர்சேய்த் துறைமுகத்தில் கட்டி வைத்திருக்கிறான் என்று வலை பின்னும் இடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு மனம் கலங்கியது. படுக்கைப் பலகையின் மேல் துணிமூட்டையும் தண்ணீர்க் கேன்களும் அரிசிப் பையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. முப்பது வருடம் படகு ஓட்டியவன் மகன் வைக்கிற வைப்பா இது?

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 20 லிட்டர் கேன் நான்கையும் இடப்பக்கமே வைத்திருக்கிறாய். 80 கிலோ ஆள் ஒருவன் இரவும் பகலும் அந்தப் பக்கமே சாய்ந்து உட்கார்ந்திருப்பதற்கு அது சமம். கனமானது எதுவாக இருந்தாலும் கீழே, நடுவில், பாய்மரத்தின் அடியை ஒட்டி இருக்க வேண்டும். முன்பக்கம், அணியத்தில் கனம் ஏற்றினால் படகு அலைமேல் ஏறாமல் அலையைக் குத்தும். டின்களின் காகிதத்தை உரித்துவிட்டு மூடியில் அழியாத மையால் பெயரெழுது. அடியில் தேங்கும் தண்ணீரில் காகிதம் ஊறிக் கழன்றால் பம்பின் வாயை அடைத்துவிடும். அட்டைப்பெட்டியைக் கரையிலேயே பிரித்துப் போட்டுவிடு, அதன் மடிப்புகளில்தான் கரப்பான் முட்டை வரும். அடுப்புக்கான கேஸ் சிலிண்டரைப் படுக்கைக்கு அடியில் வைத்திருக்கவில்லையே? கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் போய்த் தங்கும். வெளித்தட்டில், கடலுக்கு வடியும் துளையுள்ள பெட்டியில்தான் அது இருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். எந்தப் படத்திலும் அது என் கண்ணில் படவில்லை.

தங்கை மகன் தவழ ஆரம்பித்துவிட்டான். மற்றவற்றை அம்மா போனில் சொல்லியிருப்பாள், நீ பொங்கலன்று பேசிய நான்கு நிமிடத்தில் சொல்ல முடிந்திருந்தால்.

மிஸ்திரால் என்று ஒரு குளிர்காற்று அங்கே வீசும் என்றும், கட்டிய படகையும் அது ஆட்டும் என்றும் நீதான் முன்பு சொன்னாய். அப்படிப்பட்ட ஊரில், வீடு இருக்கும்போது, குளிர்காலம் முழுவதும் ஏன் படகிலேயே படுக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. அடுப்புக்கு மேலே கொக்கியில் ஒரே ஒரு தம்ளர் தொங்குகிறது, பக்கத்தில் ஒரே ஒரு தட்டு செருகியிருக்கிறது. இடம் மிச்சமாகட்டும் என்று அப்படி வைத்திருக்கிறாய் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன்.

உனக்கு ஏழு வயதாக இருந்தபோது நான் பதினொரு மாதம் உப்பனாற்றில் கட்டிய படகிலேயே படுத்திருந்தது உனக்கு நினைவிருக்கும். டீசல் களவு போகிறது, காவலுக்கு இருக்கிறேன் என்று உங்களிடம் சொன்னேன். களவு எதுவும் போகவில்லை. கியர் பெட்டி மாற்றுவதற்காக உன் அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியை அவளைக் கேட்காமல் எடுத்து அடகு வைத்தேன், மீட்க முடியாமல் அது மூழ்கிப்போனது. அவள் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அதனாலேயே என்னால் வீட்டுக்குள் வர முடியவில்லை. அந்தப் பதினொரு மாதத்தில் படகை நான் ஒழுங்குபடுத்தியதுபோல் அந்தத் துறைமுகத்தில் எவரும் வைத்திருக்க மாட்டார்கள். கயிறுகள் தடிமன்வாரியாகச் சுருட்டப்பட்டிருக்கும், இருட்டில் கைவிட்டால் ஸ்பேனர் கிடைக்கும். எனக்கென்று ஒரு தட்டும் ஒரு தம்ளரும்தான் வைத்திருந்தேன். நீ தினமும் சாயங்காலம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டு வருவாய். அதை வைக்கக்கூட ஓரிடம் நான் ஒதுக்கவில்லை; ஈரவலையின் மேல் வைத்துவிட்டு, நீ நின்றுகொண்டே இருப்பாய். உனக்கும் ஒரு தட்டு வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை இப்போது நினைத்தால் என் நெஞ்சு பொறுக்கவில்லை. தைப்பூசத்தன்று உன் அம்மாவே படகுக்கு வந்து, அந்தத் தட்டையும் தம்ளரையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் நடந்து வந்தேன்.

இதை உன்னிடம் ஏன் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். லைஃப் ஜாக்கெட்டை மறக்காதே, தனியாக மேல்தட்டுக்குப் போகும்போது அதைப் போட்டுக்கொள்.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர் அடுத்த மாதம் பிரான்ஸ் வருகிறார். அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு அவரிடம் கொடுத்தனுப்புவாள். கண்ணாடி உடையும், வட்ட டப்பா மூலையில் இடத்தை வீணாக்கும், ஆகவே சதுர டப்பாவாக வாங்கப் போகிறேன். அடுப்புக்குக் கீழுள்ள பெட்டியின் மூடி எத்தனை அங்குல அகலம், உள்ளே எத்தனை ஆழம் என்று அளந்து எழுது. ஒருவருக்குப் போதுமா, இரண்டு பேருக்குப் போட வேண்டுமா என்பதையும் எழுதினால் அம்மா அதற்கேற்பக் காய் வாங்குவாள்.

அன்புடன்,
அப்பா