கோச் பேர விட்டுட்டீங்களே சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

நான் தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து எழுதுறேன். சொந்த ஊரு கோவில்பட்டி, இங்க வந்து 18 வருஷம் ஓடிப்போச்சு, சாட்ஸ்வொர்த்ல ஒரு ஹார்டுவேர் கடைல கணக்கு பாக்குறேன். உங்க பேப்பர தினமும் போன்ல படிப்பேன், ஞாயித்துக்கிழமை மட்டும் பக்கத்து வீட்டு தாத்தாவுக்கு சத்தமா வாசிச்சு காட்டணும், அவருக்கு தமிழ் பேச வரும் படிக்க வராது, இங்க பொறந்து வளந்தவங்க நெறைய பேர் அப்படித்தான். அவரு பொறந்தது மேகசின் பேரக்ஸ்ல, முனிசிபாலிட்டில வேல பாத்த நம்மாளுங்க குடியிருந்த லைன் வீடுங்க அது, அப்புறம் இனவாரியா ஏரியா பிரிக்கிற சட்டத்த காட்டி எல்லாரையும் மூட்ட முடிச்சோட சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிட்டாங்க. இப்ப வயசு எண்பத்தஞ்சு தாண்டியாச்சு, காது மட்டும் பாம்பு காது.

போன ஞாயித்துக்கிழமை உங்க விளையாட்டு பக்கத்துல, தென்னாப்பிரிக்கா ஜெயிச்ச 1996 ஆப்பிரிக்க ஃபுட்பால் கோப்பைய பத்தி வந்த கட்டுரைய அவருக்கு வாசிச்சேன். மண்டேலா பஃபானா ஜெர்சி (இந்த நாட்டு ஃபுட்பால் டீம இங்க பஃபானான்னுதான் சொல்லுவாங்க) போட்டு வந்தது இருக்கு, கேப்டன் நீல் டோவி கப்ப தூக்குனது இருக்கு, ஃபைனல்ல டுனீசியாவுக்கு எதிரா மார்க் வில்லியம்ஸ் அடிச்ச ரெண்டு கோலும் இருக்கு, நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, குறை சொல்ல மாட்டேன். வாசிச்சு முடிச்சதும் தாத்தா ஒரே கேள்விதான் கேட்டாரு, "அந்த மனுஷன் பேர் எங்க தம்பி?" எந்த மனுஷன்னேன். "கோச்சு." நானும் மேல இருந்து கீழ வரைக்கும் ரெண்டு தடவ தேடிட்டேன், இல்ல சார். எங்கயும் இல்ல.

அதான் இந்த லெட்டர். அவர் பேரு கிளைவ் பார்க்கர். எங்க டர்பன்காரரு.

1944ல பொறந்தவரு. ஆட்டக்காரரா அவர பத்தி சொல்றதுக்கு ரொம்ப இல்ல, உள்ளூர் டர்பன் சிட்டி கிளப்ல ஆடினாரு, முட்டி போச்சு, சின்ன வயசுலயே பூட்ஸ கழட்டி வெச்சுட்டாரு, அவ்ளோதான். அந்த காலத்துல முட்டில ஒரு சவ்வு அறுந்தா ஆட்டமே முடிஞ்ச மாதிரி, இப்ப மாதிரி ஆபரேஷன் பண்ணி ஒன்பது மாசத்துல திரும்ப ஓட விடுற கதையெல்லாம் கெடையாது. பெரிய ஸ்டாரா ஆடுனவங்க கோச்சா வந்தா "நான் இப்படி அடிச்சேன்ல, நீ ஏன் அடிக்க மாட்டேங்குற"ன்னு கத்துவாங்க, எங்க ஸ்கூல் பிடி வாத்தியார் இப்படித்தான். பாதில நின்னு போனவன் வேற மாதிரி, அவனுக்கு ஆடணும்னு இருந்த பசி அப்படியே உள்ள கெடக்கும்ல. இது என் அபிப்பிராயம், தப்பா இருந்தாலும் இருக்கட்டும்.

இங்க அவருக்கு பட்டப்பேரு "நாய்". கடிச்சத விடாதுங்கற அர்த்தத்துல பாசமாத்தான் சொல்லுவாங்க, நம்ம ஊரு பழக்கத்துல எடுத்துக்காதீங்க. இந்த ஊரு பேருங்களே அப்படித்தான், டர்பனோட பிரபல சாப்பாடு பேரு பன்னி, ரொட்டிய குடைஞ்சு உள்ள கறிக்குழம்ப ஊத்தி குடுப்பாங்க, வந்த புதுசுல "பன்னி சாப்பிட வர்றியா"ன்னு ஒருத்தர் கேட்டப்ப நான் முழிச்ச முழி இருக்கே, சரி அது வேற கத.

பார்க்கர் எழுபதுகள்ல கோச்சிங் ஆரம்பிச்சப்ப வெள்ளக்காரன் தனி லீக், கறுப்பர் தனி லீக், இந்தியர் தனின்னு நாடே துண்டு துண்டா கெடந்துச்சு. வெள்ளக்காரரு ஒருத்தர் கறுப்பின மக்கள் இருக்குற டவுன்ஷிப்புக்குள்ள போகவே பர்மிட் வாங்கணும். அந்த நேரத்துல அவரு சூலு மக்களோட கிளப்பான அமாசூலுவுக்கு கோச்சா போனாரு. வெள்ளக்காரங்க பக்கம் அதுக்கு என்ன பேர் கெடச்சிருக்கும்னு நான் சொல்லணுமா.

1977ஓட வெள்ளக்காரங்க லீக் மூடிட்டாங்க, அதுல இருந்த கிளப்புங்கள்ல சிலது கறுப்பர்களோட லீக்ல வந்து சேந்துச்சு, டர்பன் சிட்டியும் அப்படித்தான் வந்துச்சு. அந்த டர்பன் சிட்டிய வெச்சு 1982, 1983 ரெண்டு வருஷமும் பார்க்கர் லீக் ஜெயிச்சாரு. எந்த கிளப்ல முட்டிய ஒடச்சுக்கிட்டாரோ அதே கிளப்.

இங்கதான் தாத்தா கத வருது. டர்பன் டீம் ரெண்டு தடவ லீக் ஜெயிச்சிருக்கு, தாத்தா ஃபுட்பால் பைத்தியம், குதிச்சு கொண்டாடியிருப்பாருன்னு நெனச்சு கேட்டா, "ஒரு மேட்ச் கூட பாக்கல தம்பி, கை தட்டல"ங்குறாரு. ஏன்னா அவரு ஃபெடரேஷன் ஆளு. இந்தியர், கலர்டுன்னு சொல்ற கலப்பினத்தவங்க, கறுப்பர்னு இன பேதம் பாக்காம ஆடுன ஃபெடரேஷன் லீக்னு ஒண்ணு இருந்துச்சு, டர்பன்ல அவங்க கோட்ட கரீஸ் ஃபவுண்டன் மைதானம், ஓட்டுப்போட உரிம இல்ல, பீச்சுல கூட தனித்தனி இடம், இப்படி நாடே சரியில்லாதப்ப கிரவுண்டுல மட்டும் எல்லாம் சரியா இருக்குற மாதிரி நாங்க ஏன் நடிக்கணும்னு சொல்லி அந்த கலப்பு லீக் பக்கமே போகாம தனியா நின்னவங்க. தாத்தா கரீஸ் ஃபவுண்டன்ல கிரவுண்டுக்கு சுண்ணாம்புக்கோடு போட்டவரு, சம்பளம் இல்லாம. "அந்த ஆள் நல்லவன்தான், அது அப்பவே தெரியும், ஆனா நான் போயி டிக்கெட் வாங்கி ஒக்காந்தா என் அப்பன் வீட்ட இடிச்சத ஒத்துக்கிட்ட மாதிரி"ன்னாரு. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல.

1985ல லீக் ஒடஞ்சு என்எஸ்எல்னு புது லீக் வந்துச்சு. அதோட மொத சாம்பியன் யாரு தெரியுமா சார், சொவேட்டோவோட பெரிய கிளப்புங்க கைசர் சீஃப்ஸும் இல்ல ஆர்லாண்டோ பைரேட்ஸும் இல்ல, டர்பன் புஷ் பக்ஸ், கோச் அதே பார்க்கர். பதினோரு வருஷம் கழிச்சு 1996ல இப்ப இருக்குற பிஎஸ்எல் ஆரம்பிச்சப்பவும் மொத சாம்பியன் டர்பன் டீம்தான், அதுவும் எங்க சாட்ஸ்வொர்த்து மேனிங் ரேஞ்சர்ஸ், 1928லயே இங்க இந்தியர்கள் ஆரம்பிச்ச கிளப். தாத்தாவோட உயிரு அது. அதோட கோச் கார்டன் இகெசுண்ட், அவரும் ஆட்டக்காரரா இருந்து கோச் ஆனவருதான், பின்னாடி பைரேட்ஸ், சாண்டோஸ், சன்டவுன்ஸ்னு, ரேஞ்சர்ஸையும் சேத்து மொத்தம் நாலு வேற வேற கிளப்புக்கு லீக் ஜெயிச்சு குடுத்தாரு. 1998ல ரேஞ்சர்ஸ் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்ல ராஜா காசாபிளாங்கா, அசெக் மிமோசாஸ், யங் ஆஃப்ரிகன்ஸ்னு பெரிய பெரிய டீமுங்க இருக்குற குரூப் வரைக்கும் போனாங்க. 2006ல கிளப்ப வித்துட்டாங்க. இத பத்தி பேச ஆரம்பிச்சா தாத்தாவுக்கு மூச்சு வாங்கும், அதனால விட்டுர்றேன், நீங்க இடம் குடுத்தா தனியா எழுதுறேன்.

சரி பஃபானாவுக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவ 1976ல ஃபிஃபா வெளியவே தள்ளிருச்சு, திரும்ப சேத்துக்கிட்டது 1992ல, சேந்த பிறகு மொத மேட்ச் நடந்ததும் எங்க டர்பன் கிங்ஸ் பார்க்லதான், ஜூலை 7, கேமரூன் கூட, டாக்டர் குமாலோ பெனால்டில 1-0 ஜெயிச்சாங்க. அதுக்கப்புறம் வெளிய போயி வாங்குன அடி இருக்கே, ஜிம்பாப்வேல 4-1, நைஜீரியால 4-0. எப்பப் பாரு நாலு வாங்குறதால இங்க பேப்பர்காரங்க டீமுக்கு ஃபோர் பை ஃபோர் வண்டின்னு பேர் வெச்சு கிண்டல் பண்ணாங்க. உலகத்தோட ஆடி பழக்கமே இல்லாத ஆளுங்க, என்ன செய்வாங்க பாவம்.

இந்த லட்சணத்துல இருந்த டீமதான் 1994ல பார்க்கர் கைல குடுத்தாங்க. ரெண்டே வருஷம். கென்யாவுல நடக்க வேண்டிய ஆப்பிரிக்க கோப்பை அங்க ஏற்பாடு சரியில்லன்னு இங்க வந்துச்சு, நடப்பு சாம்பியன் நைஜீரியா வரலன்னுட்டாங்க, அதுல அதிர்ஷ்டம் இருந்துச்சுன்னு சொல்றவங்க சொல்லட்டும், ஆனா மொத மேட்ச்ல கேமரூன 3-0, செமி ஃபைனல்ல கானாவ 3-0 அடிச்சது அதிர்ஷ்டம் இல்ல சார், நடுவுல எகிப்துகிட்ட 1-0 தோத்தாங்க, அல்ஜீரியா மேட்ச்ல கடைசி நேரத்துல கோல் வாங்கிட்டு அடுத்த நிமிஷமே ஷூஸ் மோஷியு திருப்பி அடிச்சாரு. நாலு நாலா வாங்குன டீமுக்கு அந்த நெஞ்சு எங்க இருந்து வந்துச்சு?

உங்க கட்டுரைல மார்க் வில்லியம்ஸ் ரெண்டு கோல்னு போட்டீங்கல்ல. அவரு அந்த ஃபைனல்ல ஆரம்பத்துல ஆடவே இல்ல. பெஞ்சுல இருந்தாரு. செகண்ட் ஹாஃப்லதான் இறக்கி விட்டாங்க, 73வது நிமிஷம் ஒண்ணு, 75வது நிமிஷம் ஒண்ணு. இறக்கி விட்டது யாரு? அதத்தான் நான் கேக்குறேன். கோல் அடிச்சவன் பேர் வேணும், கப் தூக்குனவன் பேர் வேணும், எந்த நேரத்துல எவன அனுப்பணும்னு ஓரத்துல நின்னு மண்டைய ஒடச்சுக்கிட்டவன் பேரு மட்டும் வேண்டாமா?

அந்த சனிக்கிழமை, பிப்ரவரி 3, தைப்பூசத்த ஒட்டி வந்துச்சு. தாத்தா காவடி எடுக்க விரதம். டிவி பாக்கக்கூடாதுன்னு பாட்டி உத்தரவு, இவரு கோயில் ஷெட்ல தேங்கா நார் உரிச்சுக்கிட்டே யாரோ ஒரு பையனோட ரேடியோ பக்கத்துல போயி ஒக்காந்துட்டாரு, ரேடியோ கேக்கக்கூடாதுன்னு பாட்டி சொல்லலயாம். ரெண்டாவது கோலுக்கு கை தட்டுனேன்னாரு. பார்க்கர் ரெண்டு கையையும் ஏரோப்ளேன் மாதிரி விரிச்சுக்கிட்டு கிரவுண்டுல ஓடுவாரு, அதுதான் அவரோட அடையாளம், அத ரேடியோல எப்படி பாக்குறது, மறுநாள் பேப்பர்லதான் படம் பாத்தேன்னாரு. என்கிட்ட சொல்லும்போது தாத்தாவே சேர்ல ஒக்காந்தபடி கைய விரிச்சு காட்டுனாரு, டீ டம்ளர் கீழ விழுந்துச்சு.

1997 ஆகஸ்ட்ல காங்கோவ ஃபில் மசிங்கா அடிச்ச ஒரே கோல்ல ஜெயிச்சு டீமு மொத தடவையா உலகக் கோப்பைக்கு போச்சு. கூட்டிட்டு போகவேண்டியவரு போகல. அந்த டிசம்பர்ல சவுதில கான்ஃபெடரேஷன்ஸ் கப், செக் கூட டிரா, யுஏஇகிட்டயும் உருகுவேகிட்டயும் தோல்வி, அதோட பார்க்கர் வெளிய. 1998ல ஃபிரான்ஸ்ல நம்ம டீம் பெஞ்சுல இருந்தது ஃபிலிப் ட்ரூசியே. கல்யாணத்துக்கு பொண்ணு பாத்து நாள் குறிச்சு பந்தக்கால் நட்டவரு ஒருத்தரு, தாலி எடுத்துக் குடுத்தது வேற ஒருத்தரு. அங்க ஒரு மேட்ச் கூட ஜெயிக்கல, அத நான் சந்தோஷமா சொல்லல.

அதுக்கப்புறம் அவரு ஒண்ணும் பெரிய இடம் தேடி போகல. திரும்ப அமாசூலு, அப்புறம் பக்கத்து ஊரு மாரிட்ஸ்பர்க் யுனைடெட், எழுபது தாண்டியும் டீம் கீழ எறங்கப்போகுதுன்னா இவருக்குத்தான் போன் போடுவாங்க. கண்டத்தையே ஜெயிச்சவரு கடைசி எடத்துல இருக்குற டீமுக்கு ட்ராக் சூட் போட்டுக்கிட்டு வந்து நிப்பாரு, கௌரவம் பாக்க மாட்டாரு. கடைசில ஞாபக மறதி நோய் வந்து ரொம்ப கஷ்டப்பட்டு 2023 ஜூன் 10 இறந்துட்டாரு, 79 ஆக இன்னும் ரெண்டு வாரம்கூட இல்ல. இந்த நாட்டு ஆம்பளைங்க டீமு ஆப்பிரிக்க கோப்பைய ஜெயிச்சது இன்னைக்கு வரைக்கும் அந்த ஒரு தடவதான் சார்.

பெருசா எதுவும் கேக்கல. கீழ மூலைல சின்ன எழுத்துல "திருத்தம்"னு போடுவீங்கல்ல, அதுல ஒரு வரி, 1996 அணியின் பயிற்சியாளர் கிளைவ் பார்க்கர்னு போட்டா போதும். எந்த ஞாயித்துக்கிழமை வரும்னு முன்னாடியே சொன்னீங்கன்னா நல்லது, தாத்தாவுக்கு அடுத்த மாசம் கண்ணு ஆபரேஷன் இருக்கு, அன்னைக்கு ஆஸ்பத்திரில இருந்தா நான் அங்கயே போயி வாசிச்சுருவேன். பார்க்கர்ல "க்" விட்டுறாதீங்க, பார்கர்னு போட்டா அதுக்கும் என்னைய லெட்டர் எழுத சொல்லுவாரு.

இப்படிக்கு,
உங்க வாசகன், கோவில்பட்டிக்காரன்
சாட்ஸ்வொர்த், டர்பன்