வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: கமராவை மாற்றுவதற்கு முன் லென்ஸ் பையைத் திறந்து பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். ஆடி கழிந்தால் ஆவணிக் கலியாணங்கள் தொடங்கிவிடும். இரண்டு கிழமையாகக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணன், கையில் இருக்கிற டிஎஸ்எல்ஆரைக் கொடுத்துவிட்டு மிரர்லெஸ் எடுக்கட்டா?” உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகைக் கமராதான் டிஎஸ்எல்ஆர், அந்தக் கண்ணாடி இல்லாத புது வகை மிரர்லெஸ். கவுண்டரில் நின்றுகொண்டு, பின்னால் ஆறுபேர் காத்திருக்கும்போது சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் ஆறுதலாக எழுதுகிறேன்.

எழுதத் தூண்டிய இன்னொரு காரணமும் உண்டு. போன வருடம் களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஒரு தம்பி நிக்கோன் டி750 கமராவோடு வந்தார். அதை எடுத்துக்கொண்டு, மேல்காசு வாங்கி, நிக்கோனின் மிரர்லெஸ்ஸான இசட் வரிசைக் கமரா ஒன்றும், பழைய லென்ஸை அதில் பூட்ட உதவும் எஃப்டிஇசட் அடப்டரும் கொடுத்தோம். “பழைய லென்ஸ் எல்லாம் இதில் வேலை செய்யும்” என்று சொன்னது நான்தான். அவருடைய லென்ஸ்களை நான் பார்க்கவில்லை. வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். கலியாண வீட்டில் தாலி கட்டுகிற நேரம் 80-200 லென்ஸைப் பூட்டியிருக்கிறார். ஃபோகஸ் ஆகவில்லை. கையால் வளையத்தைத் திருப்பித் திருப்பி எடுத்து, பத்துப் படத்தில் மூன்று தேறியது. மறுநாள் வந்தவர் சத்தம் போடவில்லை. கமராவைக் கவுண்டரில் வைத்து, “அண்ணன், இது ஃபோகஸ் பிடிக்குதில்லை” என்று மட்டும் சொன்னார். நல்ல காலம், அவருடைய டி750 இன்னும் விற்காமல் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கையும் தீர்த்தோம். ஆனால் அந்தத் தாலிப் படத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. அன்றிலிருந்து, லென்ஸ் கவுண்டருக்கு வராமல் எங்கள் கடையில் எந்தக் கமராவும் கைமாறுவதில்லை.

அது ஏன் அப்படி நடந்தது என்று விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

வேலை மேசையில் லென்ஸ் கழற்றிய டிஎஸ்எல்ஆர் ஒன்று எப்போதும் கிடக்கும். வாய்க்குள் பார்த்தால் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் சின்னதாக ஒரு கண்ணாடி சரிவாக நிற்பது தெரியும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அது மேலே திருப்ப, பிரிசம் வழியாக அது உங்கள் கண்ணுக்கு வருகிறது. படம் எடுக்கிற கணத்தில் கண்ணாடி ‘டக்’ என்று மேலே போய், படத்தைப் பதிகிற சென்சருக்கு வழி விட்டு, திரும்ப இறங்குகிறது. மிரர்லெஸ்ஸில் இந்தக் கண்ணாடியே இல்லை. சென்சர் பார்ப்பதைத்தான், கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டருக்குள் இருக்கும் சின்னத் திரை காட்டுகிறது. உங்கள் டிஎஸ்எல்ஆரில் லைவ் வியூ பட்டனை அழுத்திப் பாருங்கள். கண்ணாடி மேலே போய் அங்கேயே நின்றுவிடும். படம் பின்திரையில் வரும். அந்த நேரம் உங்கள் கையில் இருப்பது ஒரு வகையில் மிரர்லெஸ்தான்.

கண்ணாடிக்கு இடம் வேண்டும் என்பதற்காகவே டிஎஸ்எல்ஆரில் லென்ஸும் சென்சரும் தள்ளி நிற்கின்றன. லென்ஸ் பூட்டுகிற வாயைத்தான் மவுண்ட் என்கிறோம்; கெனன் 1987இல் கொண்டுவந்த இஎஃப் மவுண்டில் அந்த இடைவெளி 44 மில்லிமீட்டர். 2018இல் மிரர்லெஸ்ஸுக்கு வந்த ஆர்எஃப் மவுண்டில் 20. மிச்சம் 24 மில்லிமீட்டரை நிரப்புகிற வெறும் குழாய்தான் கெனன் அடப்டர். உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் கிடையாது, மின்தொடர்பு மட்டும் உண்டு. இஎஃப் லென்ஸ் எல்லாவற்றுக்குள்ளும் ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் அவை கெனனின் மிரர்லெஸ்ஸான ஆர் வரிசைக் கமராவில் சுகமாக வேலை செய்கின்றன. கெனன்காரர்கள் இந்த விஷயத்தில் நிம்மதியாக இருக்கலாம்.

நிக்கோன் கதை வேறு. 1959இலிருந்து வருகிற எஃப் மவுண்டில் இடைவெளி 46.5 மில்லிமீட்டர், இசட் மவுண்டில் 16. அங்கேயும் அடப்டர் பொருந்தும். ஆனால் பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. கமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் ஒரு சின்னத் திருகு வழியாக லென்ஸைச் சுழற்றும். எஃப்டிஇசட் அடப்டரில் அந்த மோட்டார் இல்லை. நீங்களே வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்: லென்ஸைக் கழற்றி, பின்பக்க உலோக வளையத்தைப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் நுனி போகிற அளவில் ஒரு பிளவு தெரிந்து, உள்ளே மோட்டார் இருப்பதைக் காட்டும் ஏஎஃப்-எஸ் என்ற எழுத்தும் லென்ஸில் இல்லையென்றால், அது அந்த அடப்டரில் தானாக ஃபோகஸ் பிடிக்காது. நம் பக்கத்து ஸ்டூடியோக்களில் அந்த மோட்டார் இல்லாத வகையைச் சேர்ந்த 50 எம்எம் 1.8டி லென்ஸ் இல்லாத பை குறைவு. கமராக் கம்பனி செய்யாத, மூன்றாம் கம்பனி லென்ஸ் என்றால் பூட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சரி, புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகள் என்ன செய்வது? புதுக் கமராவே வாங்குவதென்றால் மிரர்லெஸ் எடுங்கள். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. 2008இல் பனசோனிக் தொடங்கி வைத்து, 2013இல் சோனி முழு அளவு சென்சருக்குக் கொண்டுபோய், 2018இல் கெனனும் நிக்கோனும் அதே முழு அளவு சென்சரோடு பின்னால் வந்த பாதை இது. 2020இல் வந்த நிக்கோன் டி6, கெனன் 1டிஎக்ஸ் மார்க் 3, 850டி போன்றவைக்குப் பிறகு அந்த இரண்டு கம்பனியிலிருந்தும் புதிய டிஎஸ்எல்ஆர் வரவில்லை. பென்டக்ஸ் மட்டும் கண்ணாடியை விடாமல் வைத்திருக்கிறது, ஆனால் அதற்கு லென்ஸ் தேடி இங்கே அலைய முடியாது. புதிய லென்ஸ்களும் மிரர்லெஸ் மவுண்டுக்குத்தான் வருகின்றன.

கையில் காசு குறைவாக இருந்தால், பாவித்த டிஎஸ்எல்ஆர் வாங்குவதில் ஒரு குறையும் இல்லை. அந்தக் குறைந்த காசுக்கு இன்று கிடைக்கிற டி750, கெனன் 80டி மாதிரிக் கமராக்கள் பத்து வருடத்துக்கு முன் பெரிய ஸ்டூடியோக்கள் மட்டும் வைத்திருந்தவை. 80டியில் லைவ் வியூவில் வீடியோ ஃபோகஸ் இன்றைக்கும் நன்றாகவே ஓடும். ஷட்டர் கணக்கை, அதாவது அதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதை மட்டும் பார்க்காமல் வாங்காதீர்கள். டி750 ஷட்டர் 150,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. அதைத் தாண்டினால் உடனே நின்றுவிடும் என்றில்லை, ஆனால் விலையில் அது தெரிய வேண்டும். இன்னொன்று: யூடியூப் செய்கிற பிள்ளைகள் பாவித்த கெனன் எம்50 என்ற சின்ன மிரர்லெஸ் தேடி வருகிறார்கள். நல்ல கமராதான். ஆனால் அதன் இஎஃப்-எம் மவுண்டைக் கெனன் 2023இல் நிறுத்திவிட்டது. அந்த லென்ஸ் ஆர் கமராவில் ஏறாது, ஆர்எஃப் லென்ஸ் எம்50இல் ஏறாது. அதோடே நிற்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் வாங்குங்கள்.

கலியாண வேலை செய்கிறவர்களுக்கு மிரர்லெஸ் தருகிற பெரிய வரம் கண்ணைப் பிடிக்கும் ஃபோகஸ். டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது ஃபோகஸ் அளப்பது சென்சர் அல்ல. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வேறொரு உறுப்பு. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும், 85 எம்எம் லென்ஸை முழுக்கத் திறந்து எடுக்கும்போது இமை முடி கூர்மையாகவும் கருவிழி மங்கலாகவும் வரும். மிரர்லெஸ்ஸில் படம் விழுகிற அதே சென்சர்தான் ஃபோகஸையும் அளக்கிறது. மணமகள் தலையைத் திருப்பினாலும் சின்னப் பெட்டி கண்ணிலேயே ஒட்டிக்கொண்டு போகும். பாசிக்குடா மணலில் மத்தியான வெயிலில் அவுட்டோர் எடுக்கிறவர்களுக்கு இன்னொரு சுகம்: பின்திரையைக் கையால் மறைத்துக்கொண்டு பார்க்க வேண்டியதில்லை, எடுத்த படத்தை வியூஃபைண்டருக்குள்ளேயே பார்க்கலாம்.

சத்தமில்லாத ஷட்டர் பற்றியும் எல்லோரும் கேட்கிறீர்கள். கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்தியிலும் பள்ளிவாசல் நிக்காஹ்விலும் பூசை நேரத்திலும் அது எவ்வளவு பெரிய உதவி என்று நானும் அறிவேன். எல்லோரும் அமைதியாக இருக்கும் இடத்தில் ‘டக் டக்’ என்று கேட்பது எடுக்கிற எங்களுக்கே கூச்சம். ஆனால் மண்டபத்து எல்இடி வெளிச்சத்தில் அந்த எலக்ட்ரோனிக் ஷட்டரைப் போட்டால் படத்தின் குறுக்கே கறுப்பு வரி விழலாம். அந்த விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. சென்சரோ படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்கிறது. பெரும்பாலான கமராக்களில் அந்த ஷட்டரோடு பிளாஷும் வேலை செய்யாது. மேடைக்குப் பின்னால் எல்இடி சுவர் இருந்தால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிவிடுங்கள். முதல் நான்கு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மற்றதை எடுங்கள்.

அக்கரைப்பற்றில் ஸ்டூடியோ வைத்திருக்கும் காக்கா ஒருவர், புதுக் கமரா பழுது என்று பஸ் ஏறி வந்துவிட்டார். ஸ்டூடியோ பிளாஷை எரித்தால் படம் சரியாக வருகிறதாம். ஆனால் எடுப்பதற்கு முன் வியூஃபைண்டர் முழு இருட்டாம். கமராவில் ஒரு பழுதும் இல்லை. வரப்போகிற படத்தின் வெளிச்சத்தை அப்படியே காட்டுவது மிரர்லெஸ்ஸின் பழக்கம். எஃப்8, 1/160, ஐஎஸ்ஓ 100 என்று வெளிச்சத்தைக் குறைவாக வாங்குகிற அளவில் வைத்தால், பிளாஷ் எரியாத அறை இருட்டாகத்தானே தெரியும்? மெனுவில் எக்ஸ்போஷர் சிமுலேஷன் என்ற ஒரு வரியை ஓஃப் செய்தோம், சரியாகிவிட்டது. அடையாள அட்டைப் படம் எடுக்கிற எல்லா ஸ்டூடியோக்காரர்களும் இதைக் குறித்து வையுங்கள்.

பற்றரி விஷயத்தில் உண்மையைச் சொல்கிறேன். டி750 ஒரு பற்றரியில் 1,230 படம் என்பது கம்பனிக் கணக்கு. மிரர்லெஸ்களில் சோனி ஏ7 மார்க் 3 வியூஃபைண்டர் வழியாக 610. நிக்கோன் இசட்6 310. மளமளவென்று தொடர்ந்து எடுத்தால் இதைவிடக் கூடவே வரும், ஆனால் பெண் வீடு, கோயில், மண்டபம் என்று ஒரு முழு நாளுக்கு மூன்று பற்றரி கட்டாயம். விடிய விடியக் கூத்து எடுக்கப் போகிறவர்கள் நான்கு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போதே இந்தக் காசையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 4கே வீடியோவை விடாமல் ஓட்டினால் சின்ன மிரர்லெஸ் கமராக்கள் சில சூடேறி நின்றும்விடும். நம் ஊர் வெக்கைக்கு அது சீக்கிரமே நடக்கும். பாரம் குறையும் என்று நினைத்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். கெனனின் டிஎஸ்எல்ஆரான 5டி மார்க் 4 பற்றரியோடு 890 கிராம், மிரர்லெஸ்ஸான ஆர்6 680. குறைவுதான். ஆனால் முன்னால் அதே 70-200ஐ அடப்டரோடு பூட்டினால் கைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

குமண, லகுகலை, பொத்துவில் களப்பு என்று பறவையும் யானையும் தேடிப் போகிறவர்களில் நிக்கோன் டி500 டிஎஸ்எல்ஆரும் 200-500 லென்ஸும் வைத்திருப்பவர்களே, அதை அவசரப்பட்டு விற்காதீர்கள். மணிக்கணக்காகக் கண்ணை வைத்துக் காத்திருக்கும்போது கண்ணாடி வியூஃபைண்டர் பற்றரியைத் தின்னாது. பிறகு மாற நினைத்தாலும் அந்த லென்ஸுக்குள் மோட்டார் இருக்கிறது, அடப்டரில் ஓடும். பறவையின் கண்ணையே பிடிக்கிற மிரர்லெஸ் கமராக்கள் 2020இலிருந்து வந்திருக்கின்றன, அவை அருமைதான். ஆனால் அந்த அளவு காசு போட்டால்தான் அந்த அளவு வித்தியாசம் கிடைக்கும்.

கடைசியாக உப்புக்காற்று. டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றினால் சென்சருக்கு முன்னால் கண்ணாடியும் ஷட்டரும் நிற்கும். பெரும்பாலான மிரர்லெஸ்ஸில் சென்சர் நேரே வெளியில் தெரியும். போன மாதம் வேலைக்கு வந்த ஒன்றின் சென்சரில், கல்லடிக் கடற்கரையில் லென்ஸ் மாற்றியதால் ஒட்டிய உப்புத் துணிக்கைகள் ஏழு. வானத்தை எஃப்16இல் எடுத்தால் ஏழும் சாம்பல் பொட்டாக அப்படியே தெரிந்தன. கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் கமராவை ஓஃப் செய்து, வாயைக் கீழ்ப்பக்கம் பிடித்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று மாற்றுங்கள். வாயால் ஊதவே ஊதாதீர்கள், எச்சில் துளி காய்ந்தால் துடைப்பது கடினம். கார்த்திகை, மார்கழி மழைக்கு லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பது எல்லாக் கமராவுக்கும் ஒன்றுதான். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரும் போதும். ஈரப்பதம் 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நின்றால் பயமில்லை.

ஆவணிக்கு முன் மாற்ற நினைக்கிறவர்கள் இப்படிச் செய்யுங்கள். உங்கள் பையை அப்படியே கொண்டுவாருங்கள்: லென்ஸ் எல்லாம், பிளாஷ், ட்ரிகர், பற்றரி. ஒவ்வொன்றாகப் பூட்டிப் பார்ப்போம். பிறகு ஒரு மிரர்லெஸ்ஸை வாடகைக்குக் கொண்டுபோய், காசு வாங்காத ஒரு வேலையில், சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாளில் பாவித்துப் பாருங்கள். அப்புறம் வாங்கினால் அந்த வாடகையை விலையில் கழித்துவிடுவோம். வேண்டாம் என்று தோன்றினாலும் பரவாயில்லை, உங்கள் பழைய கமராவைச் சுத்தம் செய்து ஃபோகஸ் சரிபார்த்துத் தருகிறோம்.

கிழமை நாட்களில் காலை பத்து மணிக்குப் பிறகு வாருங்கள். சனி, ஞாயிறு நாங்களும் கலியாண வீடுகளில்தான் நிற்போம்.

அன்புடன்,
உங்கள் கமராக் கடைக்காரர்,
மட்டக்களப்பு