அப்போ நான் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

நோன்புக் கஞ்சி பற்றிய செய்தியில் ‘தமிழர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து குடித்தனர்’ என்று போட்டிருந்தீர்கள். மேலப்பாளையத்தில் முப்பது வருசமாகப் பீடி சுற்றுகிறேன். மடியில் தட்டை வைத்துக்கொண்டே இரண்டு தரம் படித்தேன். அப்போ நான் யார்?

மகனைத் தாலாட்டியது தமிழில். குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவை ஓதிக்கொடுத்து அர்த்தம் சொன்னதும் தமிழில். அவன் காய்ச்சலில் கிடந்த ராத்திரி நான் கேட்ட துஆவில் ஓர் அரபுச் சொல்கூட வரவில்லை. ‘யா அல்லா’வுக்குப் பிறகு ‘எம் புள்ளயக் காப்பாத்து’தான். அல்லாவுக்குத் திருநெல்வேலித் தமிழ் புரியாமலா போகும்?

எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவர், நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைச் சொல்லும் சீறாப்புராணத்தில் அரபு நாட்டுக்கே ஆறும் வயலும் வைத்துப் பாடினார். அது 17-ஆம் நூற்றாண்டு. அவரை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்?

என் வீட்டுக்காரர் தறிக்காரர். நிக்காஹ்வுக்கு முன் முகம் பார்த்ததில்லை. பிரியம் எப்போது வந்தது என்றால், நான் சுற்றி முடிக்காத கணக்குக்கு அவர் ராத்திரி உட்கார்ந்து இலை வெட்டித் தந்தாரே, அப்போதுதான். கடைசிவரை என்னை ‘ஏளா’ என்றுதான் கூப்பிட்டார். (பேர் சொன்னால் கோபம் என்று அர்த்தம்.) அவர் கபுரின் (அடக்கம் செய்த இடத்தின்) தலைமாட்டு மீஸான் கல்லில் பெயரைத் தமிழில்தான் வெட்டியிருக்கிறோம்.

அடுத்த வருசம் ‘இந்துக்களும் முஸ்லிம்களும்’ என்று போடுங்கள். ‘ஊர்க்காரர்கள்’ என்றாலும் சரிதான், இடமும் மிச்சம்.

இப்படிக்கு,
பீடித் தொழிலாளி ஒருத்தி,
மேலப்பாளையம்.