மாத்திரையின் பெயர்

பாப்பா,

நேற்று போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். "நான் பிறந்தப்போ நீ சாப்பிட்டியே, அந்த மாத்திரை பேர் என்னம்மா?" என்றாய். பெயர் மறக்கவில்லை. சொன்னால் அதையே எப்படியாவது வாங்கிப் போட்டுக்கொள்வாயோ என்று பயம். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நம் பக்கம் எல்லாவற்றுக்கும் 'மன அழுத்தம்' என்று ஒரே பெயர். பரீட்சை பயத்துக்கும் அதுதான், மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழாதவருக்கும் அதுதான். நம் வீட்டில் வந்ததையே பார், ஒன்று போல இன்னொன்று இல்லை.

எனக்கு வந்தது பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வருவது. பெற்ற மூன்றாம் நாள், நாலாம் நாள் சும்மாவே அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு; இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை. நீ தூங்கினாலும் எனக்குத் தூக்கம் கிடையாது. உன்னைக் காலில் போட்டுக் குளிப்பாட்டப் பயம். உன் முகத்தைப் பார்த்தால் சந்தோஷமே வரவில்லை. இதை எழுதவே கை கூசுகிறது. பாட்டி கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், ராத்திரியெல்லாம் உன்னை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்ததும் அவள்தான். பதினாலாவது வாரத் தடுப்பூசிக்குப் போன இடத்தில் நர்ஸம்மா உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்றார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம்தான் மனநல டாக்டர், மாத்திரை எல்லாம். பலன் தெரியவே மூன்று வாரம் ஆயிற்று. தெளிந்த பிறகும் பல மாதம் நிறுத்த விடவில்லை.

தாத்தா வேறு மாதிரி. வேலைக்குப் போனார், வேளைக்குச் சாப்பிட்டார், ஆனால் எதிலும் ஒட்டவே இல்லை. 'அவர் சுபாவம் அது' என்று விட்டுவிட்டோம். லேசான சோர்வு இரண்டு வருடத்துக்கு மேல் விடாமல் இருந்தால் அதற்கு டிஸ்தைமியா என்று பெயராம். தாத்தாவுக்கு அதுதானா என்று இனி யாரைக் கேட்பது?

நான் சொல்ல வந்தது சின்ன மாமா விஷயம். உனக்குப் பாதிதான் தெரியும். 24 வயதில் அவன் படுத்த படுக்கை ஆனான். குளிக்க மாட்டான், பேச மாட்டான். அழைத்துப் போன இடத்தில் சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார்கள். சில வாரத்தில் எழுந்தான். நாங்கள் கோயிலுக்குப் பொங்கல் வைத்தோம்! ஆனால் அவன் எழுந்தது எழுந்ததுதான், அப்புறம் படுக்கவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கணக்கு எழுதுவான், ரைஸ் மில் வாங்கப் போகிறேன் என்று அத்தையின் நகையை அடகு வைத்தான், குறுக்கே பேசியவர்களை அடிக்கப் போனான். அவனுக்கு இருந்தது இருமுனைக் கோளாறு, ஒரு காலம் சோர்வில் கிடத்தும், ஒரு காலம் இப்படித் தலைகால் தெரியாமல் ஓட வைக்கும். கீழே கிடக்கிற காலத்தில் பார்த்தால் அதுவும் சாதாரண மனச்சோர்வு போலத்தான் இருக்கும். சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலரை அது மறுகோடிக்குத் தூக்கிவிடும். காலேஜில் ஒரு தடவை பத்து நாள் தூங்காமல் படபடவென்று பேசித் திரிந்தானே, அதை நாங்கள் டாக்டரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நல்லா இருந்த நாளைப் பற்றி டாக்டரிடம் யார் சொல்வார்கள்?

இப்போது அவன் லித்தியம் சாப்பிடுகிறான். சமையல் உப்பு இல்லை, லித்தியம் என்ற தனிமத்தின் உப்பு. 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் இது இந்த நோய்க்கு ஆகும் என்று எழுதினார். தனிம அட்டவணையில் மூன்றாவது. எத்தனை வருடம் போர்டில் எழுதிப் போட்டிருப்பேன், என் தம்பிக்கு அது வேண்டியிருக்கும் என்று நினைத்தேனா!

சரி, உன் விஷயம். போன வருடமும் உனக்கு இந்தச் சோர்வு நவம்பரில்தான் ஆரம்பித்தது, ஏப்ரலில் சரியாகிவிட்டாய். எவ்வளவு தூங்கினாலும் போதவில்லை, ரொட்டியும் உருளைக்கிழங்குமாகத் தின்னத் தோன்றுகிறது என்கிறாய். கிளாஸ்கோவில் டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. இருட்டுக் காலத்தில் வந்து வெயிலோடு போகிற வகை ஒன்று உண்டு. 1984-ல்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். அதற்குக் காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) பிரகாசம் தரும் விளக்கின் முன் உட்காரச் சொல்வார்கள். ஆனால் உனக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. தைராய்டு குறைந்தாலும் இப்படித்தான் இருக்கும், ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல். விளக்கையும் நீயாக ஆர்டர் போடாதே. மாமாவின் நோய் இருக்கிறவர்களை அதுவும் சில சமயம் மேலே தூக்கிவிடுமாம்.

இன்னொன்று, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். சாகத் தோன்றுகிறதா? கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பார்கள், அது பொய். தோன்றினால் மணி பார்க்காமல் என்னைக் கூப்பிடு. அங்கேயே பேச 116 123 என்ற சமாரிட்டன்ஸ் எண் எந்நேரமும் உண்டு, காசு கிடையாது.

டாக்டரிடம் போகும்போது என் மாத்திரையின் பெயரோடு போகாதே, மாமாவின் கதையோடு போ. சொல்லலாமா என்று காலையில் அவனையே கேட்டுவிட்டேன். "தாராளமா சொல்லச் சொல்லுக்கா" என்றான். வேண்டுமானால் அவனுடைய லித்தியம் ரத்தப் பரிசோதனைத் தாளைக்கூட போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறானாம்.

அம்மா