வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: சண்டை ஓய்ந்த பிறகு வீட்டில் என்ன மிச்சம்?

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கமுங்க.

மாதம் ஒரு கூட்டம் நடத்தினோம், ஐப்பசி மழையில் ஒன்று மட்டும் நின்றுபோனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது இந்த வருசம் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைப் பற்றி. துப்பாக்கிச் சண்டை நடக்கும் இடத்தில் ஒரு குடும்பம் என்ன ஆகிறது என்று பேசலாமா என்று கேட்டபோது, "பழசை எதுக்குங்க கிளறோணும்" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். அவர் சொன்னதில் அக்கறை இருக்கிறது. ஆனால் சத்தியமங்கலத்தில் இருந்துகொண்டு இது நமக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று சொல்ல முடியாது. திம்பம் ஏறினால் வீரப்பன் தேடுதல் வேட்டையில் சிக்கிச் சீரழிந்த மலைக் கிராமங்கள், இந்தப் பக்கம் பவானிசாகரில் இலங்கைத் தமிழர் முகாம்.

மலையிலிருந்து வந்த பெரியவர் பேசிய கூட்டத்தை மறக்க முடியவில்லை. ராத்திரி வந்து அரிசி கேட்பவனிடம் இல்லை என்று சொல்லவும் முடியாது, கொடுத்தது தெரிந்தால் விடிந்ததும் விசாரணை. இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் தேனும் கடுக்காயும் எடுக்கப் போவது நின்றுபோக, வீட்டு வருமானமும் அதோடு போனது. "பொழுதோட வூட்டுக்கு வந்தர்றதுங்க, அதுக்கப்புறம் வெளிய தல காட்டறதில்ல" என்றார். உறவுக்காரர் மேல் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு, விசாரணை மைசூரில். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் செலவுக்கு முதலில் ஆடு விற்றார்கள், அப்புறம் கறவை மாடு, அதுவும் தீர்ந்தபோது பையன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். கன்னட நடிகர் ராஜ்குமார் 2000இல் வீரப்பனால் கடத்தப்பட்டு 108 நாள் காட்டில் இருந்தது நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. வீரப்பனைத் தேடிய போலீஸ் அதிரடிப்படை மீதான புகார்களைச் சதாசிவா குழு விசாரித்த பிறகு, 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் அதிரடிப்படையால் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே இந்த வருசம்தான் தெரியும்.

முகாமிலிருந்து வந்த அக்கா மன்னார்ப் பக்கம். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956 தனிச் சிங்களச் சட்டம், பல்கலைக்கழகத்தில் சேரத் தமிழ் மாணவர்களிடம் கூடுதல் மதிப்பெண் கேட்ட தரப்படுத்தல், தமிழர்களைத் தாக்கிய 1983 ஜூலைக் கலவரம் என்று இலங்கைப் போருக்கான காரணங்களை நாங்கள் வரிசையாகப் படித்துவிட்டுப் போயிருந்தோம். அவரிடம் கேட்டால், கடலுக்குப் போகத் தடை வந்ததையும், கடன் வாங்கி வாங்கிய வலை கரையிலேயே கிடந்து மக்கியதையும்தான் முதலில் சொன்னார். இரண்டும் காரணம்தான், ஆனால் புத்தகத்தில் இருப்பது ஒன்றுதான். 1990இல் படகேறி, மண்டபம் வந்து, அங்கிருந்து இங்கே. கைப்பையிலிருந்து ஒரு பாலித்தீன் உறையை எடுத்தார். உள்ளே காணி உறுதி, நாம் பத்திரம் என்போமே அதுதான். மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுப்பேறிப் போயிருந்தது. அந்த நிலத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. வீட்டுக்காரர் பெயிண்ட் அடிக்கப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்த பிறகு வீட்டுப் பொறுப்பு முழுக்க அவர் தலையில்.

2021இல் தமிழக அரசு முகாமில் இருக்கும் குடும்பத் தலைவருக்கான உதவித்தொகையை மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தியதும், வீடுகளைப் புதிதாகக் கட்டித் தர ஆரம்பித்ததும் நல்ல காரியங்கள். ஆனால் அக்காவின் பேத்தி பிறந்ததே இந்த ஊரில், அவளுக்கும் குடியுரிமை இல்லை. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்த குழந்தைக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது என்பது சட்டம். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. பார்க்காத சண்டைக்கு அந்தப் பிள்ளை இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது, இதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். கோவையில் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். அதில் கடையை இழந்த குடும்பங்களிடமும், அதற்கு முந்தைய நவம்பர் கலவரத்தில் எல்லாம் இழந்தவர்களிடமும் பேச வேண்டும் என்று இருந்தோம், போகவே இல்லை. அது என் தவறு, வரும் வருசம் முதல் வேலை அதுதான்.

அடுத்த கூட்டத்துக்கு அக்கா மறுபடி வருகிறார். ஸ்கேனர் வைத்திருக்கும் உறுப்பினர் கொண்டுவந்தால் அந்த உறுதியைப் படியெடுத்துக் கொடுத்துவிடலாம், டேப்பை மட்டும் யாரும் உரிக்க வேண்டாம்.